கான்சாபுரத்துக் கம்பளிகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3-12-1940

அன்புள்ள சம்பந்தி சுபேதார் நேசையன் அவர்களுக்கு,

வேதசிரோமணி எழுதுவது. நாங்கள் சுகம். என் மகள் இன்பத்தையும் உங்கள் மகனையும் கேட்டதாகச் சொல்லவும்.

கான்சாபுரத்தில் குளிர்காலக் காய்ச்சல் கொட்டகை போட ஜில்லா போர்டு சாங்ஷன் கொடுத்துவிட்டது என்று நேற்று கேள்விப்பட்டேன். போர்டு மெம்பராக நீங்கள் எழுந்து பேசியதும் பிரசிடெண்டு மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாராம். மிகுந்த சந்தோஷம்.

நான் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்தினேன் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முன்னால் கான்சாபுரம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன் அல்லவா? மார்கழி பிறந்தால் பையன்கள் ஒருநாள் வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள், அதற்கு அடுத்த நாள் மறுபடி வருவார்கள். ஆடு மேய்க்கப் போகிறான்கள் என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், வராத பிள்ளைகள் எல்லாம் சாக்குக்குள் சுருண்டு பல் கிட்டிக் கிடந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல். மழைத் தண்ணீர் மலையடிவாரத்துக் குட்டைகளில் தேங்கி, கொசு பெருகி, பிளவக்கல் பக்கத்திலிருந்து வாடையும் இறங்கிவிட்டால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் கதி. போன வருஷம் அதிலேயே சிலர் போய்விட்டார்கள்.

கொயினா மருந்து, போர்த்திக்கொள்ளக் கம்பளி, காலையில் சுடுகஞ்சி. இந்த மூன்றும் இருந்தால் தை மாதத்தை அவர்கள் தெம்பாகத் தாண்டிவிடுவார்கள். நீங்கள் நடத்தினால் ஒழுங்காக நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்புடன்,
வேதசிரோமணி


ராஜபாளையம்,
8-12-1940

வாத்தியார் சம்பந்திக்கு,

கடிதம் வந்தது. எல்லாரும் நலம்.

கொட்டகை தயார். ஆற்றுக்குப் போகும் பாதையில் மேட்டு நிலமாகப் பார்த்துப் போடச் சொன்னேன். கம்பவுண்டர் சோலைச்சாமி பெட்டியோடு போய்விட்டார். மதுரையிலிருந்து கறுப்புக் கம்பளிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. நல்ல கனம். நானே ஒன்றைப் பிரித்து இழுத்துப் பார்த்தேன், நூல் விடவில்லை.

எப்படி நடத்துவது என்பதை நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. போன யுத்தத்தில் பாஸ்ராவில் எங்களைக் குண்டு கொன்றதைவிடக் காய்ச்சல் கொன்றது அதிகம். அங்கே கொயினாவுக்கென்றே தினமும் அணிவகுப்பு உண்டு. அதே முறைதான் இங்கேயும். முதலில் உடுப்பு, பிறகுதான் மற்றது. வந்தவன் பேரைச் சொல்ல வேண்டும், கைநாட்டு வைக்க வேண்டும், கம்பளியைத் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் கம்பவுண்டர் வயிற்றை அழுத்திக் காய்ச்சல் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். என் கண்முன்னால் மருந்தை விழுங்க வேண்டும். கடைசியில் கஞ்சி. கைநாட்டு இல்லாவிட்டால் தணிக்கைக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

தண்டோரா போடச் சொல்லியாயிற்று. மார்கழி முதல் தேதி விடியும்போது நான் அங்கே இருப்பேன். பெட்டியிலிருந்து என் பட்டாளத்துக் கோட்டை எடுத்து இன்பம் வெயிலில் போட்டிருக்கிறாள்.

நேசையன்


ராஜபாளையம்,
18-12-1940

வாத்தியார் சம்பந்திக்கு,

ஒருவரும் வரவில்லை.

தண்டோரா போட்டவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். தெருத்தெருவாகப் போட்டிருக்கிறான். கஞ்சி கொதித்து, ஆறி, மாட்டுக்கு ஊற்றினோம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நானே தெருவுக்குள் போனேன். ஒரு வீட்டு வாசலில் நாலைந்து ஆண்கள் சருகைக் கொளுத்திக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, “எங்களுக்குக் குளிரே கெடையாதுங்கய்யா” என்றார். சொல்லும்போதே அவருக்குத் தாடை ஆடியது. பக்கத்திலிருந்த ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு, “அய்யாவுக்குத்தான் குளிருது போல. இம்புட்டுப் பெரிய கோட்டு மாட்டிருக்காக” என்றான். அவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்து இப்படி யாரும் சிரித்ததில்லை.

சிரிப்பு போகட்டும். ஊர்க் கோடியில் விறகு வெட்டி விற்கிற சுடலையம்மாள் என்று ஒருத்தி. அவள் மகள் பாலம்மாளுக்கு ஒன்பது வயது இருக்கும். குழந்தை வைக்கோலுக்குள் கிடந்து குளிர் நடுக்கத்தில் துள்ளுகிறது. வயிற்றில் கட்டி வெளியிலேயே தெரிகிறது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, இந்த மாதம் மருந்து உள்ளே போகாவிட்டால் இது தாங்காது என்று என் காதில் சொன்னார். தூக்கிக்கொண்டு வா என்றேன். அந்தப் பெண் மகளைத் தன் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, “வேண்டாம்யா, சரியாப் போயிரும்” என்றாள்.

பிரசிடெண்டுக்கு இந்தச் சேதி அதற்குள் எட்டிவிட்டது. ஜனவரி பத்தாம் தேதி கூட்டம். அதுவரை கொட்டகை காலியாகவே இருந்தால் பிரித்துவிட்டுக் கம்பளிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். கொட்டகை போனால் போகட்டும் என்று நான் இருந்துவிடுவேன். அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டேன், அதுதான் கஷ்டம்.

நேசையன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20-12-1940

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததுமே காரணம் புரிந்துவிட்டது. கவலை வேண்டாம்.

ஓர் உதாரணம். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அதுவரை பாட்டும் கணக்கும் மணிமணியாகச் சொன்ன பையன்கள் அவர் தலையிலிருக்கும் தொப்பியைப் பார்த்ததும் ஊமையாகிவிடுவார்கள். ஒரு வருஷம் வந்தவர் மட்டும் தொப்பியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் பையன்களோடு தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர்களை நிறுத்தத்தான் நான் பாடுபட வேண்டியிருந்தது.

மறுபடி யுத்தம் நடக்கிறது. ஐப்பசியில்தான் வத்திராயிருப்புச் சந்தைக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்து போனார்கள். அவர்கள் செய்தது என்ன? பேர் கேட்டார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள், வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், உடுப்புக் கொடுத்தார்கள். நீங்கள் செய்வது என்ன? மேலே மெடல் வைத்த கோட்டு வேறு. ஊருக்கே நீங்கள் ஆள் பிடிக்க வந்தவராகத்தான் தெரிந்திருப்பீர்கள்.

ஆகையால் கோட்டைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டோடு போங்கள். சாதாரண மனிதராகப் போனால் எல்லாம் சரியாகிவிடும். அந்தக் கோட்டு இருந்தால்தான் நீங்கள் நேசையன் என்று இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இங்கே வந்துவிட வேண்டும். வழி பார்த்திருப்போம்.

அன்புடன்,
வேதசிரோமணி


ராஜபாளையம்,
22-12-1940

வாத்தியாருக்கு,

அந்தக் கோட்டுக்குள் படுத்துத்தான் நான் பாஸ்ராவில் காய்ச்சலில் பிழைத்தேன். பக்கத்தில் படுத்திருந்தவன் பிழைக்கவில்லை. அதைப் பகட்டுக்குப் போடுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு இன்பமும் மகனும் வருவார்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

நேசையன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
28-12-1940

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்களுக்கு இலை போட்டு வைத்திருந்தோம். கடைசியில் எடுத்துவிட்டோம்.

பகட்டு என்ற சொல்லை நான் எழுதவில்லை. ஆனால் கோட்டைப் பற்றி நான் எழுதிய கடைசி வரியில் அது இருந்தது என்பதை உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு பார்க்கிறேன். எழுதியிருக்கக் கூடாது. வருத்தப்படுகிறேன். பிழைத்து வந்த கதையை நீங்கள் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. கேட்காமல் இருந்தது என் தப்பு.

நேற்றுக் காலை வத்திராயிருப்பு பஸ் தேரடியில் நின்றபோது ஜன்னலோரத்தில் உங்களைப் பார்த்தேன். வெறும் சட்டையும் துண்டுமாக உட்கார்ந்திருந்தீர்கள். கையை உயர்த்தினேன். நீங்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் பெருமாள் கோயில் கோபுரத்தை அவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

கோபம் இருக்கட்டும், அதற்காகப் பதில் எழுதாமல் இருக்க வேண்டாம். பாலம்மாள் எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

வேதசிரோமணி


ராஜபாளையம்,
2-1-1941

வாத்தியார் சம்பந்திக்கு,

முதலில் ஒன்று. உங்கள் கணக்குத் தப்பு. கோட்டு இல்லாமல் போனேன், கொட்டகைக்கு வெளியே துண்டோடு உட்கார்ந்தேன், ஈ காக்கை வரவில்லை.

இனி நடந்ததை எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள்.

வாடை என்றால் அப்படி ஒரு வாடை. இரவும் அங்கேயே இருந்தேன், விடியும் நேரத்தில் எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. கம்பவுண்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி அடுப்பு பற்றவைக்கவில்லை. சுடலையம்மாள் தலையில் விறகுக் கட்டோடு அந்த வழியாகப் போனாள். என்னைப் பார்த்துவிட்டு நின்றாள். நான் பொறுக்க முடியாமல் எழுந்து உள்ளே போய், அடுக்கியிருந்த கம்பளியில் ஒன்றை உருவினேன். உடனே அவள் விறகைப் பொத்தென்று கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அய்யா, அதத் தொடாதிய. வேண்டாம்.”

ஏன் என்றேன்.

“வயசான காலத்துல எதுக்கு இந்த வம்பு? அதப் போத்துனா மலைக்குப் போவணும்லா? கீழ வைங்க. செத்த நேரம் இருங்க, நான் தீ மூட்டித் தாரேன்.”

சொன்னபடி தன் கட்டிலிருந்தே விறகு உருவித் தீ மூட்டினாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எல்லாம் கேட்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் பெரியாறு மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒரு கங்காணி வந்தானாம். ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி இனாம் என்று சொல்லிக் கொடுத்தான். வாங்கும்போது கைநாட்டு. வாங்கியாயிற்றா, அவன் ஆள். மறுவாரம் லாரியில் ஏற வேண்டும். கம்பளிக்கு விலை, லாரிக்கு விலை, மருந்துக்கு விலை எல்லாம் கூலியில் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், தீரவே இல்லை. அவள் புருஷன் அப்படிப் போனவர்தான். “அவிய போத்திக்கிட்டுப் போன கம்பளி மட்டும் திரும்பி வந்துச்சு” என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று பாருங்கள். அதே கறுப்புக் கம்பளி. அதே கைநாட்டு. அதையும் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன். நான் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கங்காணி என்றே நினைத்தார்கள்.

கம்பளி வேண்டாம், மருந்தை மட்டும் குழந்தைக்குக் கொடு என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் ஒப்பவில்லை. “அந்தக் கொட்டாயில எதக் குடுத்தாலும் அச்சாரந்தான். சும்மா குடுக்கிறதத்தான்யா வாங்கக் கூடாது” என்றாள். இது கவர்மெண்டு, தோட்டம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கங்காணியும் சத்தியம் செய்தான் என்றாள்.

பாலம்மாளுக்கு முந்தாநாளும் காய்ச்சல். இப்போது எழுந்து நிற்க முடியவில்லை. எனக்கு உத்தரவு போடத் தெரியும், நிறைவேற்றத் தெரியும். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

நேசையன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
4-1-1941

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். இன்று மாலை பஸ்ஸில் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் சொன்னது தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் குளிரில் நடுங்கியதால்தான் அவள் வாயைத் திறந்தாள் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

சுடலையம்மாள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். சும்மா கொடுப்பதைத்தான் வாங்கக் கூடாது என்கிறாள். சும்மா இல்லை என்றால்? என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அம்மாள் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துவிட்டால், என் வீட்டார் அந்தக் கிண்ணத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் இரண்டு வீட்டிலும் யாரும் யாருக்கும் தலை குனியாமல் இத்தனை காலம் குழம்பு போய் வருகிறது. கங்காணி திருப்பிக் கொடுக்க முடியாதபடி கொடுத்தான். அதில்தான் ஆளைப் பிடித்தான்.

போர்டுக்கு அவர்களால் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? உங்கள் அடுப்புக்கு விறகு வேண்டும். மலையடிவாரத்து ஊரில் விறகு இல்லாத வீடு ஏது? வீட்டுக்கு ஒரு கட்டு விறகு கொண்டுவரட்டும். அதை வாங்கிக்கொண்டு கம்பளியும் மருந்தும் விலைக்குக் கொடுங்கள். இனாம் என்ற சொல்லை அந்த ஊரில் யாரும் சொல்ல வேண்டாம். தண்டோராவிலும் விலை என்றே சொல்லச் சொல்லுங்கள்.

போர்டு சொத்தைப் போர்டு மெம்பர் விற்கலாமா என்று தணிக்கைக்காரர் கேட்பார். கேட்கட்டும். முதலில் பாலம்மாள் மருந்து குடிக்கட்டும்.

அன்புடன்,
வேதசிரோமணி


ராஜபாளையம்,
12-1-1941

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் அங்கங்கே மை ஈஷியிருக்கிறது. காரணம் கீழே வருகிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடியலில் கான்சாபுரத்தில் இருந்தேன். கம்பளிக்கும் மருந்துக்கும் விலை ஒரு கட்டு விறகு என்று தண்டோரா போட்டோம். ஊர் வேடிக்கை பார்த்தது, யாரும் அசையவில்லை. வெயில் ஏறின பிறகு சுடலையம்மாள் வந்தாள். இடுப்பில் மகள், தலையில் விறகு. விறகை என் காலடியில் போட்டாள். ஊரிலேயே நல்ல விறகு, எல்லாம் காய்ந்த வேலாங்கட்டை. கம்பவுண்டர் மருந்தை எடுத்தார்.

“இருங்க” என்றாள். “வெல குடுத்தாச்சுன்னு எழுதித் தாங்க.”

கம்பவுண்டரை எழுதச் சொன்னேன். விறகு பெற்றுக்கொண்டேன், இந்தக் குடும்பத்தின்மேல் எனக்கும் போர்டுக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை, எங்கேயும் வேலைக்குக் கூப்பிடமாட்டேன் என்று எழுதி, கீழே நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னது, கோழி கெளறுன மாதிரி. கங்காணியும் இப்படித்தான் கிறுக்குனான். அவன் ஒண்ணுக்கும் கட்டுப்படல. எங்க வீட்டு மனுசன் வெரல வச்சாவ. அவியதான் கட்டுப்பட்டாவ.” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க வெரல வைங்க.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. கம்பவுண்டர் சோலைச்சாமி பதறிப்போய், “ஏட்டி, அய்யா யாருன்னு தெரியுமா?” என்று அவளை அதட்டினார். நான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். சம்பந்தி, நான் கையெழுத்துப் போட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவன். என்னோடு சேர்ந்தவர்களில் அப்போது அது அபூர்வம். கட்டைவிரலை மையில் வைத்தபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. வைத்து அழுத்தியதும் அது போய்விட்டது. அவள் காகிதத்தை ஊதிக் காயவைத்து மடியில் செருகிக்கொண்டு, குழந்தையின் வாயை அவளே திறந்து, “முழுங்கு தாயி, நம்ம காசு” என்றாள்.

பாலம்மாள் முழுங்கினாள். கசப்பில் என்னைப் பார்த்து ஒரு முகம் காட்டினாள்.

அதன்பின் நடந்ததை என்ன சொல்ல. மத்தியானத்துக்குள் கொட்டகை வாசலில் விறகு மலைபோல் குவிந்துவிட்டது. எங்களுக்குக் குளிரே கிடையாது என்று சொன்ன அந்தப் பெரியவர் முதல் வரிசை. ஒவ்வொருவரும் என் விரலை அவர்களே பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவன் மட்டும், சரியாகப் பதியவில்லை என்று இரண்டு தடவை வைக்கச் சொன்னான்.

பத்தாம் தேதி போர்டு கூட்டம். நீங்கள் சொன்னபடியே தணிக்கைக்காரர் எழுந்தார். வாங்கினவர்கள் கைநாட்டு எங்கே, கொடுத்தவர் ஏன் கைநாட்டு வைத்திருக்கிறார் என்றார். விலைக்கு விற்ற கடைக்காரன் வாங்கினவனிடம் கைநாட்டுக் கேட்பானா என்று நான் கேட்டேன். விலையாக வந்த விறகு எங்கே என்றார். கஞ்சிக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கிறது, கான்சாபுரத்துக்கு வந்தால் காட்டுகிறேன் என்றேன். பிரசிடெண்டு சிரித்துவிட்டார். கொட்டகை மாசிக் கடைசி வரை இருக்கும். பிளவக்கல் பாதையில் இன்னொரு கொட்டகை போடவும் தீர்மானம்.

பாலம்மாளுக்கு இரண்டு முறை காய்ச்சல் வரவேண்டிய நாள் வந்தது, காய்ச்சல் வரவில்லை. நேற்று கஞ்சிக்குத் தானே நடந்து வந்தாள். கட்டி கரைய நாளாகும், ஆனால் பிழைத்துவிட்டாள் என்று கம்பவுண்டர் சொல்கிறார்.

ஒரே ஒரு சிக்கல். பிளவக்கல் பாதைக்காரர்கள் இப்போதே ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள், எங்களுக்கு யார் விரல் வைப்பது என்று. கான்சாபுரத்துக்காரர்கள் என்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த சுபேதார் எங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?

அன்புள்ள,
நேசையன்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-1-1941

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதத்தை என் வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாலம்மாள் முகம் காட்டிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள்.

ஆளைத் தேட வேண்டாம். வியாழக்கிழமை நானே வருகிறேன்.

வேலை பார்த்த காலம் முழுவதும் பிள்ளைகளைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்குக் கொண்டுவரத்தான் பாடுபட்டேன். என் சிநேகிதர்கள் யாராவது கேட்டால், வேதசிரோமணி பிளவக்கல் பாதையில் கைநாட்டு வைக்கப் போயிருக்கிறான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
வேதசிரோமணி